பழைய குளியலறை ரைல்ஸைச் சுவர் சிதையாமல் கழற்றுவது எப்படி

குளியலறைச் சுவரில் ரைல்ஸ் கழற்றும்போது சுவரைக் கெடுப்பது சுத்தியலின் அடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடியைவிட அதிகம் கெடுப்பது இழுவை. ஒரு ரைல் விடுபடும்போது பக்கத்து ரைலையும், பின்னாலுள்ள சாந்தையும், அதற்கும் பின்னாலுள்ள பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வெட்டி வைக்காவிட்டால், எங்கே பிடிப்புக் குறைவோ அங்கே அது பிய்ந்து வரும்.

ரைல் பதித்த சுவரில் மூன்று ஒட்டுகள் உண்டு. ரைலுக்கும் ஒட்டுச் சாந்துக்கும் இடையில் ஒன்று, ஒட்டுச் சாந்துக்கும் பூச்சுக்கும் இடையில் ஒன்று, பூச்சுக்கும் கல்லுக்கும் இடையில் ஒன்று. முதலாவதோ இரண்டாவதோ விட்டால் வேலை சுகம். மூன்றாவது விட்டால் கல் தெரியும், மேசனைப் பிடித்து முழுச் சுவரையும் திரும்பப் பூச வேண்டி வரும். கீழே சொல்லப்படும் எல்லாமே அந்த மூன்றாவது ஒட்டைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

உங்கள் சுவர் எந்தச் சுவர்

உளியைத் தொட முன்னர் கதவு நிலையடியில் சுவரின் மொத்தத் தடிப்பை அளந்து பாருங்கள். ரைல்ஸும் இருபக்கப் பூச்சும் சேர்த்து ஆறு அங்குலத்துக்குக் கிட்ட வந்தால் உள்ளே இருப்பது நாலங்குலச் சீமெந்துக் கல். எட்டுக்குக் கிட்ட வந்தால் ஆறங்குலக் கல். ஒன்றரை அடி வந்தால் அது பழைய சுண்ணாம்புக்கல் சுவர், குளியலறை அந்த வீட்டுக்குள் பிறகு சேர்க்கப்பட்டது.

மிகவும் கவனம் தேவைப்படுவது நாலங்குலக் கல்லுக்குத்தான். அறையோடு சேர்ந்த குளியலறைகளில் இடைச்சுவர் பெரும்பாலும் இதுதான். இங்கே விழும் அடி கல்லில் நிற்காது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தை உலுக்கி, மறுபக்கத்து அறையில் வெடிப்புக் கோடாக வெளிவரும். உள்ளே பொந்து உள்ள கல்லாக இருந்தால் கல்லின் முகம் ஓர் அங்குலம் மட்டில்தான் இருக்கும். நேராகப் பிடித்த உளி அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். வேலை தொடங்க முன்னர் மறுபக்கச் சுவரில் உள்ள மணிக்கூடு, கண்ணாடி, சாமிப்படம் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள்.

சுவர் எந்தக் காலத்தது என்பதும் முக்கியம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது இலங்கையின் வடக்கில் சீமெந்து கிடைப்பதே அரிது. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறக்கும்வரை கட்டிய, திருத்திய சுவர்களில் சீமெந்து குறைந்த சாந்தும் கலப்புப் பூச்சும் இருக்க வாய்ப்பு அதிகம். நகத்தால் சுரண்டினாலே மணல் உதிரும் பூச்சின் மேல், பிறகு நல்ல சீமெந்தால் ரைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். மேலே இரும்பு மாதிரிப் பிடிப்பு, கீழே உதிரி. மூன்றாவது ஒட்டு முதலில் விடுவது இந்த மாதிரிச் சுவர்களில்தான்.

முதலில் தட்டிப் பாருங்கள், பிறகு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்

சிறிய மரச் சுத்தியலாலோ உளியின் பிடியாலோ ஒவ்வொரு ரைலையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். பொக்குச் சத்தம் வந்தால் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. முன்னர் பல மேசன்மார் ரைலின் முதுகில் நடுவிலும் மூலைகளிலுமாக ஐந்து கட்டிச் சாந்து வைத்து அழுத்திவிடுவார்கள். அப்படியானால் மூலைக்கும் நடுவுக்கும் இடையில் பொக்காகக் கேட்கும், கழற்றுவதும் சுலபம். முழு முதுகிலும் சீமெந்துக் களி பூசி ஒட்டியிருந்தால் எங்கும் ஒரே இறுக்கமான சத்தம். பொக்கானவற்றில் சோக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.

பிறகு சோதனை ரைல் ஒன்று. கதவுக்குப் பின்னால், குழாயும் வயரும் போகாத இடத்தில், இடுப்பு உயரத்தில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அதன் நான்கு பக்க இடுக்கையும் வெட்டுங்கள். நடுவில் ரைலுக்குரிய 6 மில்லிமீற்றர் பிற்றால் ஐந்தாறு துளை போடுங்கள். ட்றில்லின் அடிக்கும் பகுதி கட்டாயம் நிறுத்தியிருக்க வேண்டும். பிற்றின் நுனியிலிருந்து 8 மில்லிமீற்றரில் ஒரு துண்டு ரேப் சுற்றிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியும். துளைகளுக்கு நடுவில் சின்னச் சுத்தியலால் தட்டினால் அந்த இடம் நொருங்கும். அந்தக் குழியிலிருந்து வெளிப்புறமாக உளியைச் சரித்துப் போட்டு மற்றப் பகுதியைக் கிளப்புங்கள்.

இனி விழுந்த துண்டைத் திருப்பி முதுகைப் பாருங்கள். முதுகு வெறுமையாக, ரைலின் பின்பக்க வரிகள் தெரிய வந்திருந்தால் சாந்து சுவரிலேயே நின்றுவிட்டது. கழற்றுவது சுகம், பிறகு சுரண்டும் வேலை கொஞ்சம் கூட. முதுகில் அரை அங்குலச் சாந்து தட்டையாக ஒட்டிக்கொண்டு வந்து, சுவரில் பூச்சு கீறலோடு அப்படியே இருந்தால் அதுதான் நல்ல பலன். முதுகில் இரண்டு நிறச் சாந்து, அதாவது கரும் சாம்பல் நிறத்தில் ஒன்றும் வெளிறிய மணல் நிறத்தில் இன்னொன்றும் சேர்ந்து வந்து, சுவரில் கல்லின் முகம் தெரிந்தால் கையை நிறுத்துங்கள். அந்தச் சுவரை வேறு விதமாகக் கையாள வேண்டும், கீழே சொல்கிறோம். ஒரு சுவரில் சோதித்து நாலு சுவருக்கும் முடிவெடுக்க வேண்டாம். வெளிச்சுவரும் இடைச்சுவரும் ஒரே ஆள் பூசியதாக இராது. கொங்கிறீற் தூண் வரும் மூலையில் பூச்சின் பிடிப்பே வேறு.

கழற்றத்தான் வேண்டுமா என்பதையும் இந்த நேரத்தில் யோசியுங்கள். எல்லா ரைல்ஸும் இறுக்கமாக நின்று, சுவர் நாலங்குலமாக இருந்து, உங்களுக்குப் பிடிக்காதது நிறம் மட்டும்தான் என்றால், பழைய ரைல்ஸின் மேலேயே அதற்குரிய ஒட்டுத்தூள் கொண்டு புதியதைப் பதிக்கலாம். அரை அங்குலத்துக்குக் கூடுதலாகச் சுவர் முன்னுக்கு வரும், குழாய் வாய்களை நீட்ட வேண்டியிருக்கும். பொக்கான ரைல்ஸ் பல இருந்தாலோ, பின்னால் தண்ணீர் கசிந்து மறுபக்கச் சுவர் உப்புப் பூத்திருந்தாலோ இந்த வழி சரிவராது. அந்தச் சுவரில் ரைல்ஸ் கழன்றுதான் ஆக வேண்டும்.

தண்ணீர், மின்சாரம், தரை

தாங்கியிலிருந்து குளியலறைக்கு வரும் வால்வைப் பூட்டி, எல்லாக் குழாய்களையும் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தாங்கியின் வால்வு இறுகிப் போயிருப்பது சாதாரணம். நமது யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே படிந்து பூட்டவிடாது. பலவந்தமாகத் திருப்பினால் கழுத்து முறியும். வால்வு முழுதாகப் பூட்டாவிட்டால் தாங்கியை வெறுமையாக்கிவிட்டே தொடங்குங்கள், மோட்டரின் பிளக்கையும் கழற்றி வையுங்கள்.

ஹீட்டர், விளக்கு, காற்றாடி வயர்கள் சுவருக்குள் போகின்றன. அந்தச் சுற்றை மெயின் பெட்டியில் நிறுத்துங்கள். சுவிட்ச்சை மட்டும் நிறுத்துவது போதாது. கிறைண்டருக்கு வேறு அறையிலிருந்து நீட்டு வயர் எடுங்கள், அது ட்ரிப் சுவிட்ச் வழியாக வரும் இணைப்பாக இருக்க வேண்டும். தொடங்க முன்னர் ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் திருத்தும்வரை கிறைண்டரைக் குளியலறைக்குள் கொண்டுபோகக் கூடாது.

குழாய்கள் எங்கே போகின்றன என்று சுவரில் குறியுங்கள். அநேகமாக அவை தாங்கிப் பக்கத்திலிருந்து நேர்கீழாக வந்து, தண்ணீர் திறக்கும் குழாயின் மட்டத்தில் படுக்கையாகத் திரும்பும். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் சோக்கட்டியால் அடித்துவிடுங்கள். அந்தப் பட்டைக்குள் இயந்திர உளி வேண்டாம், கையுளி மட்டுமே. சுவிட்ச்சுக்கும் ஹீட்டருக்கும் மேலே முகடுவரை போகும் வயர்க் குழாய்க்கும் இதே விதி. பூச்சுக்குக் கீழே அது அரை அங்குல ஆழத்தில்கூட இருக்கும்.

தரையை வைத்திருக்கப் போகிறீர்களானால் பழைய சாக்கை இரண்டு மடிப்பாக விரித்து, அதன் மேல் ஒட்டுப்பலகை போடுங்கள். சாக்கு மட்டும் போட்டால் விழும் துண்டின் மூலை அதைக் குத்திக்கொண்டு தரை ரைலில் படும். தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து மேலே ரேப் ஒட்டுங்கள். கொமட்டை மூடி பொலித்தீன் கட்டுங்கள். சாந்துத் தூள் வளைவுக்குள் இறங்கித் தண்ணீரோடு சேர்ந்தால் இறுகிவிடும், கொமட்டையே கழற்ற வேண்டி வரும்.

கருவிகள்

ஒன்றரை அங்குலம் முதல் இரண்டங்குலம் அகலமான தட்டை உளி ஒன்று, முக்கால் அங்குல ஒடுக்க உளி ஒன்று, இரண்டு இறாத்தல் சுத்தியல், அரைக்கிலோச் சுத்தியல், கிறைண்டர், அதற்கு மெல்லிய டயமண்ட் டிஸ்க். இவை இருந்தால் போதும். உளியின் வாய் தீட்டப்பட்டிருக்க வேண்டும். மழுங்கிய உளி இடுக்குக்குள் நுழையாமல் ரைலின் முகத்தில் குத்தி, அடியை நேராகச் சுவருக்குள் அனுப்பிவிடும். அரை நாளுக்கு ஒருமுறையாவது தீட்டுங்கள்.

உளி பொருத்தும் ஹமர் ட்றில் வாடகைக்கு எடுப்பதென்றால் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள சிறியதை எடுங்கள். சுழலாமல் அடி மட்டும் போடும் நிலையில் வைத்து, அகன்ற உளியை மாட்டுங்கள். தரை உடைக்கும் பெரிய பிறேக்கரைக் குளியலறைச் சுவருக்குக் கொண்டுவர விடாதீர்கள். வேலை கெதியாக முடியும், சுவரும் அதோடு முடியும்.

உடைந்த ரைலின் மினுக்கம் பூசிய ஓரம் சவர அலகு மாதிரி வெட்டும். தோல் கையுறை, பக்கமும் மூடிய கண்ணாடி, மூடிய சப்பாத்து மூன்றும் வேண்டும். செருப்போடு இந்த வேலையில் நிற்கக் கூடாது. தூசி இதைவிடப் பெரிய ஆபத்து. ரைலிலும் சாந்து மணலிலும் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளிவராது. துணி முகமூடி அதைத் தடுக்காது. என்95 வகை முகமூடியை மூக்கோடு இறுக்கிப் போடுங்கள். யன்னலில் ஒரு காற்றாடியை வெளியே பார்க்க வைத்து, கதவில் ஈரத் துணி தொங்கவிடுங்கள்.

வெட்டுதல்

கிறைண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கின் ஓரத்திலிருந்து 8 மில்லிமீற்றர் உள்ளே மார்க்கர் பேனையைப் பிடித்து, டிஸ்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு வட்டக் கோடு விழும். ஓடும்போதும் அது வளையமாகத் தெரியும். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலச் சுவர் ரைல்ஸின் தடிப்பு ஆறு ஏழு மில்லிமீற்றர் மட்டில்தான், ஆகவே வளையம் ரைலின் முகத்தைத் தொட்டால் போதுமான ஆழம் வெட்டியாயிற்று. பெரிய போர்சலின் ரைல்ஸ் இதைவிடத் தடிப்பு. சோதனை ரைலின் துண்டை அளந்து, அதோடு ஒரு மில்லிமீற்றர் கூட்டிக் கோட்டைப் போடுங்கள். டிஸ்க்கின் காவலை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள்.

முதல் வெட்டு ரைல்ஸ் முடியும் மேல் ஓரத்தில். நம்மிடத்தில் பல குளியலறைகளில் ஏழடி உயரத்தோடு ரைல்ஸ் நின்றுவிடும், மேலே பூச்சும் பெயின்றும். அந்த ஓரத்தில் வெட்டாமல் மேல் வரிசையைக் கிளப்பினால் பெயின்ற் சுவரின் பூச்சு கையகலத்துக்குப் பிய்ந்து வரும். கதவு நிலை, யன்னல் ஓரம், தூண் மூலை எல்லாவற்றிலும் இதே மாதிரி எல்லை வெட்டு வேண்டும். எங்கோ ஒரு இடத்தில் ரைல்ஸை வைத்திருக்கப் போகிறீர்களானால், எல்லைக்கு ஒரு வரிசை முன்னரே வெட்டி, கடைசி வரிசையைக் கையுளியால் துண்டு துண்டாக எடுங்கள்.

பிறகு இடுக்குகள். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்து வெள்ளைச் சீமெந்து தேய்த்திருந்தால் டிஸ்க் ரைலின் ஓரத்தையும் தின்னும். கழற்றி எறியப்போகும் ரைல்ஸ் என்றால் அதைப் பற்றிக் கவலை இல்லை. திரும்பப் பாவிக்க நினைத்தால் ஹக்சோ பிளேட்டின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக் கையால் அறுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் ஓரம் சிதையாது. சுவர் முழுவதும் வெட்டி முடித்துத்தான் கழற்ற வேண்டும் என்றில்லை. நாலைந்து வரிசை வெட்டிவிட்டுக் கழற்றி, தூசியைக் கூட்டிவிட்டுத் தொடரலாம். சின்ன ஸ்பிறே போத்தலால் சுவரை மட்டும் இலேசாக நனைத்தால் தூசி அடங்கும். ஓடும் கிறைண்டரில் தண்ணீர் படக் கூடாது.

கழற்றுதல்

மேலிருந்து கீழே வாருங்கள். கீழ் வரிசையை முதலில் எடுத்தால், மேலே பிடிப்பில்லாத ஒன்று வேலை செய்யும் கையின் மேல் விழும்.

மூலையில் எந்தச் சுவரில் தொடங்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு சுவர் சந்திக்கும் உள்மூலையில் ஒரு சுவரின் ரைல்ஸ் மற்றதன் பின்னால் ஒளிந்திருக்கும். எந்தச் சுவருக்கு நேரே நின்று பார்க்கும்போது அந்த இடுக்குக் கோடு உங்களைப் பார்க்கத் திறந்திருக்கிறதோ, அந்தச் சுவர்தான் பிறகு பதிக்கப்பட்டது. அதை முதலில் கழற்றுங்கள். மாறித் தொடங்கினால் ஒளிந்திருக்கும் ஓரம் நெம்பும்போது மூலைப் பூச்சோடு சேர்ந்து வரும்.

தட்டை உளியின் வாயை மேல் ஓரத்தில், ரைலின் முதுகுக்கும் சாந்துக்கும் நடுவில் வையுங்கள். உளி சுவரோடு ஒட்டிய மாதிரிச் சரிந்து இருக்க வேண்டும். சுவருக்கும் உளிக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவு சாய்வு போதும். அரைக்கிலோச் சுத்தியலால் சின்னச் சின்ன அடி. ஒரே இடத்தில் அடிக்காமல் ஓரம் நெடுக நகர்ந்து போங்கள். இரண்டு மூன்று முறை போய்வரும்போது சத்தம் மாறும், ‘டிக் டிக்’ என்றது ‘டொக்’ என்று தளரும். ஒட்டு விட்டுவிட்டது. அப்போது உளியை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே தட்டுங்கள். ரைல் தானாக முன்னுக்கு வரும். மற்றக் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வராவிட்டால் நெம்பாதீர்கள். உளியின் பிடியைப் பிடித்துத் தூக்கி நெம்பும்போது அதன் குதி சுவரில் ஊன்றுகிறது, வாய் ரைலை இழுக்கிறது. பூச்சில் பள்ளம் விழுவதும் பாளமாகப் பூச்சு கிளம்புவதும் அந்த ஒரு நெம்பலில்தான். கட்டாயம் நெம்ப வேண்டியிருந்தால் குதிக்குக் கீழே நாலங்குல மரத்துண்டோ ஒட்டுப்பலகைத் துண்டோ வையுங்கள், பாரம் பரவும். அதற்கும் வராத ரைலைச் சோதனை ரைலைப் போலவே நடுவில் துளைத்து உடைத்து, துண்டுகளாக எடுங்கள். முழு ரைலாகக் கழற்ற வேண்டும் என்ற பிடிவாதம் சுவருக்குக் கூடாது. சின்னத் துண்டு இழுக்கும் இழுவையும் சின்னதுதான்.

கொதிதண்ணீர் ஊற்றுவது, மண்ணெண்ணெய் தடவுவது, அசிட் ஊற்றுவது என்று சிலர் சொல்லும் வழிகளை விட்டுவிடுங்கள். சீமெந்தால் ஒட்டியது சூட்டுக்கு இளகாது. அசிட் ரைலின் பின்னால் போகாது, இடுக்கைத்தான் அரிக்கும். சுண்ணாம்புக்கல் சுவரில் பட்டால் கல்லே நுரைத்துக் கரையும், தூணுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும்.

குழாய் வாய்களைச் சுற்றியுள்ள ரைல்ஸைக் கடைசியில் எடுங்கள். முதலில் குழாயைக் கழற்றி, வாயில் ஒரு பிளக் போடுங்கள்; புரிக்குள் சாந்துத் தூள் போனால் பிறகு ஒழுகும். வாயிலிருந்து ரைலின் நான்கு ஓரத்துக்கும் கிறைண்டரால் கோடு வெட்டி, நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் வெளி ஓரத்திலிருந்து எடுங்கள். உளியின் வாய் ஒருபோதும் குழாயைப் பார்க்கக் கூடாது. குழாயிலிருந்து விலகிப் போகும் திசையில்தான் அடி விழ வேண்டும். பீவீசி முழங்கை ஒன்றில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் அன்றைக்குத் தெரியாது. புதிய ரைல்ஸ் பதித்த பிறகுதான் மறுபக்கச் சுவர் சொல்லும். ஆகவே கழற்றி முடித்ததும் வால்வைத் திறந்து, எல்லா வாய்களையும் பிளக் போட்டபடி ஓர் இரவு விட்டு, சுவரைத் தடவிப் பாருங்கள்.

கீழ் வரிசை தரை ரைலுக்குப் பின்னால் இறங்கியிருந்தால் அதை இழுக்க வேண்டாம். தரைக்கு மூன்று நாலு மில்லிமீற்றர் மேலே படுக்கையாக வெட்டி, மேல் பகுதியை மட்டும் எடுங்கள். கீழே நிற்கும் துண்டு புதிய ரைலுக்குப் பின்னால் மறைந்துவிடும். தரையும் சுவரும் சேரும் இடத்திலுள்ள நீர்த்தடுப்பும் குலையாது.

பூச்சு கூடவே வரும் சுவர்

சோதனை ரைலில் கல் தெரிந்த சுவருக்கு முறை வேறு. இங்கே இடுக்கை மட்டும் வெட்டினால் போதாது. ஒவ்வொரு ரைலைச் சுற்றியும் ஒட்டுச் சாந்தையும் தாண்டிப் பூச்சுக்குள் ஐந்து ஆறு மில்லிமீற்றர் இறங்கும்படி வெட்டுங்கள், குழாய் வயர் பட்டைகளைத் தவிர்த்து. டிஸ்க்கில் புதிய ஆழத்துக்கு இன்னொரு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது பூச்சு பிய்ந்தாலும் அந்த ஒரு ரைலின் அளவோடு நிற்கும், பாளமாகப் பரவாது. வெட்டாத சுவரில் ஒரு ரைலோடு மூன்றடிப் பூச்சு வந்துவிடும்.

வெட்டியும் பத்தில் ஏழு எட்டு ரைல் பூச்சோடு வருகிறதென்றால் அந்தப் பூச்சு காப்பாற்றத் தகுந்ததல்ல. அதை அந்தச் சுவரில் முழுதாகக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதே நேர்மையான வேலை. உதிரும் பூச்சின் மேல் புதிய ரைல்ஸ் ஒட்டினால் அது தன் எடையாலேயே கழரும்.

சுண்ணாம்புக்கல் சுவரில் பூச்சு போனாலும் கல்லுக்குப் பழுதில்லை. ஆனால் கல் இடுக்கிலுள்ள பழைய சுண்ணாம்புச் சாந்து பொலபொலவென்று கொட்டும். கொட்டியதைத் தூரிகையால் துப்புரவாக்கி, இடுக்குகளை அடைத்து, சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையால் பூசுங்கள். சீமெந்து கூடிய இறுக்கமான பூச்சு அந்த மெதுவான சுவரில் நிற்காது. உள்ளே ஈரத்தை அடைத்து, மறுபடி பாளமாக விடும்.

கழன்ற பின்

சுவரில் நிற்கும் சாந்து மேடுகளைச் சரிந்த உளியால் சீவி, மிச்சத்தைக் கிறைண்டரில் கிண்ண வடிவ டயமண்ட் டிஸ்க் போட்டுத் தேயுங்கள். முழுதையும் வழிக்கத் தேவையில்லை. ஆறடி மட்டப்பலகையைச் சுவரில் நிமிர்த்தியும் படுக்கவும் குறுக்கவும் வைத்துப் பார்க்கும்போது பின்னால் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் ஒளி தெரியாவிட்டால் ஒட்டுத்தூளில் பதிக்க அது போதும்.

இப்போது சுவர் முழுவதையும் மறுபடி தட்டுங்கள். பொக்காகக் கேட்கும் பூச்சைச் சோக்கால் குறித்து, கிறைண்டரால் சதுரமாக வெட்டி, அதற்குள் மட்டும் கொத்தி எடுங்கள். சதுர ஓரம் புதிய சாந்தைப் பிடிக்கும், உடைந்த கோணல் ஓரம் மெல்லிதாகித் தோலாக உரியும். கீழ் இரண்டடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது உப்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த கம்பித் தூரிகையால் உரசி, தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். குருநகர், பாசையூர், தீவகம் மாதிரிக் கடலோர வீடுகளில் இதை இரண்டு மூன்று முறை, சில நாள் விட்டு விட்டுச் செய்ய வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் சுவர் கெதியாகக் காயும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

சீமெந்துக் கல் சுவரில் ஒட்டுப் போடச் சீமெந்து ஒன்றுக்கு மணல் நாலு. மணல் கழுவிய, உப்பில்லாத மணலாக இருக்கட்டும். குழியை நனைத்து, மேற்பரப்பின் பளபளப்புப் போனதும் சீமெந்துக் களியைத் தூரிகையால் தேய்த்து, அது காய முன்னர் சாந்தை அழுத்திப் போடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஆழமான குழியை இரண்டு தடவையாக நிரப்புங்கள். முதல் பூச்சில் கரண்டி நுனியால் கீறிவிட்டு, அடுத்த நாள் இரண்டாவது. ஒரே தடவையில் அப்பினால் தன் பாரத்தில் தொய்ந்து, காயும்போது வெடிக்கும். ஏழு நாளைக்குக் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள்.

எத்தனை சாக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஐந்தடிக்கு ஏழடிக் குளியலறையில் ஏழடி உயரத்துக்கு, கதவைக் கழித்தால், சுமார் 150 சதுர அடி. எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் 225 ரைல்ஸ். ஒட்டுச் சாந்தோடு சேர்த்து அரைத் தொன் அளவில் இடிபாடு வரும். உரப்பையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், அதுவே இருபது இருபத்தைந்து கிலோ. இருபத்தைந்து பையாவது ஆயத்தமாக வைத்திருங்கள். சீமெந்துப் பேப்பர்ப் பை தாங்காது. இந்த இடிபாட்டை ஒழுங்கைக் குழிகளுக்குள் கொட்ட வேண்டாம். மினுக்கத் துண்டுகள் மேலே வந்து சைக்கிள் ரயரையும் பிள்ளைகளின் காலையும் வெட்டும். பாழ்கிணற்றிலும் போட வேண்டாம், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் அதே நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. புதிதாகத் தரை போடும் இடத்தில் கொங்கிறீற்றுக்குக் கீழே நிரப்பி இடித்து இறுக்கினால் பயன்படும்.

தண்ணீர் தெளிப்பு முடிந்த பிறகு சுவர் காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உட்பக்கம் வியர்த்து நீர்த்துளி தெரிந்தால் இன்னும் சில நாள் யன்னலைத் திறந்து வைத்து மறுபடி சோதியுங்கள். பொலித்தீன் காய்ந்து வந்தால் நீர்த்தடுப்புப் பூச்சைத் தொடங்கலாம்: முதலில் மூலைகளும் குழாய் வாய்களும், பிறகு குளிக்கும் பக்கச் சுவர் முழுவதும்.